மேசைக் கணினியில் வைஃபை கோளாறுகள்: திருகோணமலை வீடுகளிலிருந்து வரும் கேள்விகளும் விடைகளும்

வீட்டிலோ சிறு அலுவலகத்திலோ மேசைக் கணினியை வைஃபை வழியாக இணையத்தோடு இணைத்திருப்பவர்களுக்காக இந்தப் பக்கம் எழுதப்பட்டது. இங்குள்ள கேள்விகள் உப்புவெளியிலும் பாலையூற்றிலும் உள்ள உறவினர்களும் அயலவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவை. விடைகள் வின்டோஸ் 10, வின்டோஸ் 11 ஆகியவற்றை மனத்தில் வைத்து எழுதப்பட்டுள்ளன. லினக்ஸ் பயன்படுத்துபவர்களுக்கும் இவற்றில் பெரும்பகுதி பொருந்தும்.

கைப்பேசியில் இணையம் வருகிறது, கணினியில் மட்டும் வரவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

கைப்பேசியின் மொபைல் டேட்டாவை நிறுத்துவதிலிருந்து தொடங்குங்கள். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், "தம்பி, போனில எல்லாம் வருகுது, கொம்பியூட்டரிலதான் வரேல்ல" என்று சொல்லி என்னை அழைத்திருந்தார். அரை மணி நேரம் கணினியைக் கிண்டிய பிறகுதான், அவருடைய கைப்பேசி வைஃபையில் அல்லாமல் சிம் அட்டையின் டேட்டாவில் ஓடிக்கொண்டிருந்ததைக் கண்டேன். வீட்டு இணைப்பின் மாதப் பொதி முந்தின நாளே தீர்ந்துவிட்டிருந்தது. கணினியில் எந்தக் கோளாறும் இல்லை.

கணினியிலிருந்து ரவுட்டர் வரை ஒரு வழி, ரவுட்டரிலிருந்து வெளியுலகம் வரை இன்னொரு வழி என்று இணைப்பை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். எந்த வழி அறுந்திருக்கிறது என்று தெரியாமல் எந்த அமைப்பையும் மாற்றக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. மாற்றினால் பழைய கோளாறோடு புதிய கோளாறு ஒன்றும் சேர்ந்துகொள்ளும். மொபைல் டேட்டாவை நிறுத்திய கைப்பேசியில் வைஃபை மூலம் இணையம் வந்தால் வெளிவழி நலமாக இருக்கிறது, சிக்கல் கணினியின் பக்கத்தில் உள்ளது. கைப்பேசியிலும் வராவிட்டால் கணினியைத் தொட வேண்டியதில்லை. ரவுட்டரின் விளக்குகளையும், பொதியின் மீதியையும், சேவை நிறுவனத்தையும் கவனியுங்கள்.

இரண்டாவது சோதனை, ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைக் கணினியில் திறந்து பார்ப்பது. அதன் முகவரி ரவுட்டரின் அடிப்புற ஒட்டியில் அச்சிடப்பட்டிருக்கும். பெரும்பாலும் 192.168.1.1 என்றோ, சில 4ஜி ரவுட்டர்களில் 192.168.8.1 என்றோ இருக்கும். அந்தப் பக்கம் திறந்தால் கணினிக்கும் ரவுட்டருக்கும் இடையில் உள்ள வழி சரி. திறக்காவிட்டால் வைஃபை இணைப்பின் பண்புகளில் கணினியின் ஐபி முகவரியைப் பாருங்கள். அது 169.254 என்று தொடங்கினால், ரவுட்டரிடம் முகவரி கேட்டுக் கிடைக்காமல் கணினி தானாகவே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். ரவுட்டரை நிறுத்தி, ஒரு நிமிடம் பொறுத்து மீண்டும் இயக்கினால் பல வேளைகளில் இது தீரும். தீராவிட்டால், யாரேனும் முன்பு கணினியில் நிலையான முகவரி ஒன்றைக் கையால் பதிந்து வைத்திருக்கிறார்களா என்று பார்த்து, தானாகப் பெறும் முறைக்கு மாற்றுங்கள்.

ஒரே மேசையில் கைப்பேசிக்கு நான்கு கோடும் கணினிக்கு ஒரு கோடும் காட்டுவது ஏன்?

கைப்பேசி மேசைக்கு மேல் இருக்கிறது, கணினியின் அன்டெனா மேசைக்குக் கீழே, இரும்புப் பெட்டியின் பின்புறத்தில், சுவரைப் பார்த்தபடி இருக்கிறது. மடிக்கணினியில் அன்டெனாவைப் பெரும்பாலும் திரையின் ஓரத்தில் உயரமாகப் பதித்திருப்பார்கள். மேசைக் கணினியிலோ அது கணினியின் தாய்ப்பலகையான மதர்போர்டின் பின்பக்கத்தில் அல்லது பின்னால் செருகிய டொங்கிளில், அதாவது யூஎஸ்பி துளையில் செருகும் சிறு வைஃபை கருவியில், இருக்கும். ரவுட்டர் முன் விறாந்தையில் இருந்தால் அலைகள் சுவரைக் கடந்து, பின் கணினியின் உலோகப் பெட்டியைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். என்னிடம் வந்த முறைப்பாடுகளில் மென்பொருளால் வந்தவற்றைவிட இப்படி இடத்தால் வந்தவையே அதிகம்.

முதலில் பெட்டியின் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். வைஃபை வசதியுள்ள மதர்போர்டில் இரண்டு சிறிய பித்தளை முனைகள் தெரியும். அவற்றில் திருகிப் பூட்ட வேண்டிய அன்டெனாக்கள் கணினியோடு வந்த அட்டைப் பெட்டிக்குள்ளேயே கிடப்பதை நான் மூன்று வீடுகளில் கண்டிருக்கிறேன். அன்டெனா இல்லாமலும் ரவுட்டர் அதே அறையில் இருந்தால் ஓரளவு இணைப்புக் கிடைத்துவிடும் என்பதால், யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. ரவுட்டரை வேறு அறைக்கு மாற்றிய அன்றுதான் வைஃபை பழுது என்ற பேச்சு எழும்.

டொங்கிள் பயன்படுத்துபவர்கள் ஒரு மீற்றர் நீளமுள்ள யூஎஸ்பி நீட்டிப்பு வயர் ஒன்றை வாங்கி, டொங்கிளை மேசைக்கு மேல் கொண்டுவந்து வைத்துப் பாருங்கள். இந்த ஒரு மாற்றத்தால் ஒரு கோடு மூன்று கோடாக ஆவதைப் பலர் கண்டிருக்கிறார்கள். குச்சி வடிவ அன்டெனாவின் நுனி ரவுட்டரை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. அலை குச்சியின் பக்கவாட்டில்தான் வலுவாகப் பரவும், நுனியின் திசையில் மெலியும். ஆகவே ரவுட்டரும் கணினியும் ஒரே மாடியில் இருந்தால் இரண்டின் குச்சிகளையும் நிமிர்த்தி வையுங்கள்.

சுவர்களிலும் வேறுபாடு உண்டு. தனிச் செங்கல் சுவர் ஒன்றை அலை கடந்துவிடும். கம்பி கட்டிய கொங்கிரீட் தட்டும், பழைய வீடுகளின் தடித்த கற்சுவரும் மிகுதியாக விழுங்கிவிடும். நிலைக்கண்ணாடி பதித்த இரும்பு அலுமாரி, குளிர்சாதனப் பெட்டி, தண்ணீர்த் தாங்கி ஆகிய மூன்றும் ரவுட்டருக்கும் கணினிக்கும் நடுவில் வராதபடி பார்த்துக்கொள்ளுங்கள். அலையின் வலிமையை எண்ணாகக் காட்டும் செயலிகள் ஆன்ட்ராய்ட் கைப்பேசியில் உண்டு. கணினி இருக்கும் அதே இடத்தில், மேசைக்குக் கீழே கைப்பேசியைப் பிடித்து அளந்து பாருங்கள். கழித்தல் 50 மிக நன்று, கழித்தல் 67 வரை காணொளி தடையின்றி ஓடும், கழித்தல் 80 என்றால் இணைப்பு இருந்தும் பயனில்லை.

திரையில் வைஃபை என்ற பகுதியே இல்லை. என்ன செய்யலாம்?

முதலில் அந்தக் கணினிக்கு வைஃபை வசதி உண்டா என்று உறுதிப்படுத்துங்கள். மடிக்கணினிகளைப் போல மேசைக் கணினிகள் எல்லாவற்றிலும் அது இருப்பதில்லை. இறக்குமதியாகி வரும் பழைய அலுவலகக் கணினிகள் பலவற்றில் கேபிள் செருகும் துளை மட்டுமே இருக்கும்.

இருந்தும் தெரியாவிட்டால், கணினியின் சாதனங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்து நெட்வொர்க் அடாப்டர்கள் என்ற பிரிவைப் பாருங்கள். பெயருக்கு அருகில் மஞ்சள் அடையாளமோ கீழ்நோக்கிய அம்புக்குறியோ இருந்தால் அதன் பண்புகளில் ஒரு குறியெண் காணப்படும். 22 என்றால் அது நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது, வலச் சொடுக்கில் இயக்கிவிடலாம். 28 என்றால் சாதனத்தை இயக்கும் மென்பொருளான டிரைவர் நிறுவப்படவில்லை. 10 என்றால் சாதனம் தொடங்க முடியவில்லை. டிரைவரை நீக்கி மீண்டும் நிறுவிப் பார்க்க வேண்டும். 43 என்றால் சாதனமே தன்னிடம் கோளாறு உள்ளதாக அறிவித்திருக்கிறது. கணினியை முழுவதுமாக நிறுத்தி, மின்வயரைக் கழற்றி, சில நிமிடம் பொறுத்து மீண்டும் இயக்குங்கள். டொங்கிள் என்றால் வேறு கணினியில் செருகிப் பாருங்கள், அங்கும் அதே எண் வந்தால் புதியது வாங்குவதைத் தவிர வழியில்லை.

இணையம் இல்லாத கணினிக்கு இணையத்திலிருந்து டிரைவர் இறக்குவது எப்படி என்று கேட்பவர்கள் உண்டு. ஆன்ட்ராய்ட் கைப்பேசியைச் சார்ஜ் வயரால் கணினியோடு இணைத்து, கைப்பேசியின் அமைப்புகளில் யூஎஸ்பி டெதரிங் என்பதை இயக்கினால், கணினிக்கு அது கேபிள் இணைப்பாகத் தெரியும். அதைக்கொண்டு வேண்டிய டிரைவரை இறக்கிவிடலாம். சில டொங்கிள்கள் முதன்முறை செருகும்போது சிடி தட்டு ஒன்று போட்டதுபோல் காட்சி தரும். அது பழுதன்று, டிரைவரை அந்தப் போலித் தட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். நிறுவியதும் அது மறைந்து, வைஃபை தோன்றும்.

அயல்வீட்டு வைஃபைகள் எல்லாம் தெரிகின்றன, எங்களுடையது மட்டும் பட்டியலில் இல்லையே?

இரண்டு காரணங்கள் அடிக்கடி வருகின்றன. ரவுட்டர் 5 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும் ஒலிபரப்புகிறது, உங்கள் டொங்கிள் 2.4 மட்டுமே அறியும். 150 என்று மேலே எழுதி விற்கப்படும் மலிவான சிறு டொங்கிள்கள் அநேகமாக இத்தகையவை. மற்றது, 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையின் உட்பிரிவுகளான சனல்களில் ரவுட்டர் தானாக 12 அல்லது 13ஆம் சனலுக்குப் போய்விட்டது. அமெரிக்கச் சந்தைக்கென அமைக்கப்பட்ட வைஃபை அட்டைகள் 11ஆம் சனலுக்கு மேல் தேடுவதில்லை, ஆனால் கைப்பேசி தேடும். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் சனலை 1, 6, 11 ஆகிய மூன்றில் ஒன்றாக நிலைப்படுத்துங்கள். சனல்களின் நடுப்புள்ளிகள் 5 மெகாஹேர்ட்ஸ் இடைவெளியில் இருக்க, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 20 மெகாஹேர்ட்ஸ் அகலம் பிடிப்பதால், ஒன்றோடொன்று முட்டாதவை இந்த மூன்றுமே.

கடவுச்சொல் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் கணினி ஏற்கவில்லை.

விசைப்பலகை தமிழுக்கு மாறியிருக்கிறதா என்று பாருங்கள். கடவுச்சொல் புள்ளிகளாக மட்டும் தெரிவதால் எந்த எழுத்து விழுகிறது என்பது புலப்படாது. பக்கத்தில் உள்ள கண் அடையாளத்தை அழுத்தினால் தெரிந்துவிடும். ரவுட்டரின் கடவுச்சொல்லை அண்மையில் மாற்றியிருந்தால், கணினியில் சேமித்த பழைய இணைப்பை மறக்கச் செய்து புதிதாக இணையுங்கள். இரண்டும் பயன்தராவிட்டால் ரவுட்டரின் பாதுகாப்பு முறையைக் கவனியுங்கள். டபிள்யூபிஏ3 முறை 2018இல் தான் வந்தது. அதற்கு முன் வெளியான அட்டைகள் பலவற்றுக்கு அது புரியாது. டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டையும் சேர்த்து ஏற்கும் கலப்பு முறையைத் தெரிவு செய்யுங்கள். கடவுச்சொல்லே இல்லாமல் திறந்து விடுவது மட்டும் வேண்டாம்.

இணைந்திருப்பதாகக் காட்டுகிறது, ஆனால் எந்தப் பக்கமும் திறப்பதில்லை. ஏன்?

திரையின் வலது கீழ் மூலையில் உள்ள திகதியைப் பாருங்கள். இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. மதர்போர்டில் சி.ஆர். 2032 என்ற 3 வோல்ட் பொத்தான் மின்கலம் ஒன்று இருக்கிறது; கணினிக்கு மின்சாரம் இல்லாத வேளையில் கடிகாரத்தை ஓட வைப்பது அதுதான். அது இறந்துபோனால், சுவர் சுவிட்சை நிறுத்தும் ஒவ்வொரு முறையும் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய்விடும். பாதுகாப்பான இணையதளங்கள் யாவும் திகதியிட்ட சான்றிதழ் ஒன்றைக் காட்டித்தான் தம்மை நிரூபிக்கின்றன. கணினியின் கணக்கில் அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை என்பதால் உலாவி பக்கத்தைத் திறக்க மறுக்கிறது. வேறுபாடு மிகப் பெரிதாக இருந்தால் வின்டோஸ் தானாகத் திருத்திக்கொள்ளாமலும் விடும். திகதியைக் கையால் சரிசெய்யுங்கள். மறுநாளும் பின்வாங்கினால் மின்கலத்தை மாற்றுங்கள். கைக்கடிகாரம் திருத்துபவரிடமே அது கிடைக்கும்.

திகதி சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம் டிஎன்எஸ். இணையதளத்தின் பெயரை எண்முகவரியாக மாற்றித் தரும் சேவை அது. வைஃபை பண்புகளில் டிஎன்எஸ் முகவரியைக் கையால் 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று பதிந்து பாருங்கள். பக்கங்கள் திறந்தால் கோளாறு ரவுட்டரோ சேவை நிறுவனமோ தந்த டிஎன்எஸ்ஸில் இருந்தது.

டேட்டாப் பொதி தீர்ந்திருப்பதும் இதே தோற்றத்தைத் தரும். பகலுக்கு ஒரு கணக்கு, நள்ளிரவுக்குப் பின் ஒரு கணக்கு என்று பிரிக்கப்பட்ட பொதிகளில், இரவில் ஓடும் இணையம் காலையில் நின்றுவிடுவதற்கு வேறு மாயம் எதுவும் தேவையில்லை. வின்டோஸ் பின்னணியில் இறக்கும் புதுப்பிப்புகள் பொதியைத் தின்றுவிடுகின்றன. வைஃபை பண்புகளில் அந்த இணைப்பை மீற்றர் பொருத்திய இணைப்பு எனக் குறித்தால், பெரிய இறக்கங்களில் பெரும்பாலானவை நீங்கள் சொல்லும் வரை காத்திருக்கும்.

கொஞ்ச நேரம் வேலை செய்கிறது, பிறகு அறுந்துவிடுகிறது.

எப்போது அறுகிறது என்பதை இரண்டு நாள் ஒரு கடதாசியில் குறித்து வையுங்கள். கணினியைச் சற்று நேரம் தொடாமல் விட்ட பிறகு அறுந்தால், மின்சேமிப்பு அமைப்பே காரணமாக இருக்கலாம். டிவைஸ் மேனேஜரில் வைஃபை அட்டையின் மின் நிர்வாகப் பக்கத்துக்குப் போய், மின்சாரத்தைச் சேமிக்க இந்தச் சாதனத்தை நிறுத்தலாம் என்ற அனுமதியை எடுத்துவிடுங்கள்.

வெளி வன்தட்டில் கோப்புகளைப் படியெடுக்கும்போது மட்டும் அறுந்தால், வன்தட்டு செருகியுள்ள யூஎஸ்பி 3 துளையைச் சந்தேகியுங்கள். அது இயங்கும்போது 2.4 கிகாஹேர்ட்ஸ் பகுதியில் இரைச்சலைக் கசியவிடும். இன்டெல் நிறுவனம் 2012இலேயே இதை அளந்து வெளியிட்டிருக்கிறது. டொங்கிளை அந்தத் துளைக்கு அருகில் வைக்காதீர்கள். மேலே சொன்ன நீட்டிப்பு வயர் இங்கும் உதவும். சமையல் நேரத்தில் அறுந்தால் குசினியில் மைக்ரோவேவ் அடுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அது ஏறத்தாழ 2.45 கிகாஹேர்ட்ஸில் இயங்குகிறது. ரவுட்டரும் அட்டையும் இடங்கொடுத்தால் 5 கிகாஹேர்ட்ஸுக்கு மாறுவதே இவ்விரண்டுக்கும் நல்ல மருந்து.

துறைமுகக் கப்பல்களின் ரேடார்தான் எங்கள் வைஃபையைக் கெடுக்கிறது என்கிறார்களே?

நம்மூரில் எதற்கும் துறைமுகத்தைக் குற்றம் சொல்வது வழக்கமாகிவிட்டது. கப்பல்கள் வழியறியப் பயன்படுத்தும் ரேடார்கள் பெரும்பாலும் 3 கிகாஹேர்ட்ஸ், 9 கிகாஹேர்ட்ஸ் பகுதிகளில் இயங்குகின்றன, வைஃபை 2.4இலும் 5இலும் இருக்கிறது. ஆனால் 5 கிகாஹேர்ட்ஸில் 52 முதல் 64 வரையும் 100 முதல் 144 வரையும் உள்ள சனல்கள் வானிலை ரேடார் போன்றவற்றோடு பகிரப்பட்டவை. அங்கே ரேடார் அலை வந்ததாக ரவுட்டர் கருதினால், உடனே அந்தச் சனலைவிட்டு விலக வேண்டும் என்பது விதி. புதிய சனலும் அதே வகையாக இருந்தால் குறைந்தது ஒரு நிமிடம் செவிமடுத்த பிறகே ஒலிபரப்பத் தொடங்கும். 5 கிகாஹேர்ட்ஸ் இணைப்பு காரணமின்றி ஒரு நிமிடம் மறைந்து மீண்டும் தோன்றினால், ரவுட்டரில் சனலை 36, 40, 44, 48 ஆகியவற்றில் ஒன்றாக நிலைப்படுத்துங்கள். அவற்றுக்கு இந்த விதி இல்லை.

மாலையில் மட்டும் வேகம் விழுகிறது. கணினியை மாற்ற வேண்டுமா?

வேண்டாம். ரவுட்டருக்கு அருகில் கேபிளால் இணைத்து ஒருமுறை வேகத்தை அளந்து பாருங்கள். கேபிளிலும் மெதுவாக இருந்தால் வெளிவழியில் நெரிசல். 4ஜி இணைப்பில் ஒரு கோபுரத்தின் கொள்ளளவை அந்தப் பகுதி முழுவதும் பங்கிட்டுக்கொள்வதால், எல்லோரும் வீடு திரும்பும் நேரத்தில் இது நடக்கும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்தில் சுற்றுலாப் பருவம் களைகட்டும் மாதங்களில் இதை இன்னும் தெளிவாக உணரலாம். 4ஜி ரவுட்டரைக் கோபுரம் இருக்கும் திசையில் உள்ள யன்னலோரம் வைத்தால் ஓரளவு மீட்சி உண்டு.

கேபிளில் வேகமாகவும் வைஃபையில் மெதுவாகவும் இருந்தால் அயல்வீடுகளும் விருந்தினர் விடுதிகளும் அதே சனலில் நெருக்குகின்றன. அப்போது சனல் மாற்றம் பயன் தரும்.

கடற்காற்று உண்மையில் கணினியைப் பாதிக்குமா?

பாதிக்கும். டச்பே கரையோரத்திலும் திருக்கடலூரிலும் வாழ்பவர்கள் யன்னல் கம்பியில் கண்டிருக்கும் துருவை விடவும் இது நுண்ணியது. எங்கள் வீட்டு டொங்கிள் ஓராண்டுக்குள் விட்டு விட்டு வேலை செய்யத் தொடங்கியது. டிரைவரை நான்கு முறை மாற்றிய பிறகு கழற்றிப் பார்த்தால், செருகும் முனையின் செப்பில் பச்சை படிந்திருந்தது. அசைத்தால் இணைப்பு வரும், விட்டால் போகும். கணினியை நிறுத்திவிட்டு, ஐசோபுரோப்பைல் அல்ககோல் தொட்ட பஞ்சால் முனையைத் துடைத்து, முழுவதும் உலர்ந்த பின் செருகினால் சரியாகிவிட்டது. தண்ணீரோ வாசனைத் திரவியமோ பயன்படுத்தக் கூடாது.

வாடைக்காற்று வீசும் மாதங்களில் கடல்புறத்து யன்னலுக்கு நேரே கணினியை வைக்காதீர்கள். கச்சான் வீசும் காலத்தில் உப்பைவிடத் தூசியே பெரிய தொல்லை. ரவுட்டரின் காற்றுத் துளைகள் அடைபட்டுச் சூடேறினால் அது தானாக நின்று நின்று இயங்கும். கைவைத்துப் பார்த்தாலே தெரியும்.

மின்வெட்டுக்குப் பிறகு இணைப்பு வருவதில்லை.

கணினி விரைவாக எழுந்துவிடுகிறது, ரவுட்டர் இன்னும் எழவில்லை. ரவுட்டரின் விளக்குகள் நிலைபெற்ற பிறகு கணினியின் வைஃபையை ஒருமுறை நிறுத்தி இயக்கினால் போதும். 2022இல் நாளுக்குப் பல மணி நேரம் நீண்ட மின்வெட்டுகளின் போது பல வீடுகள் ரவுட்டருக்கென 12 வோல்ட் சிறு யூபிஎஸ் வாங்கின. அது இன்றும் நல்ல முதலீடு. ரவுட்டரின் அடாப்டரில் எழுதியுள்ள வோல்ட் அளவோடு அது பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள், சில ரவுட்டர்கள் 9 வோல்ட் கேட்கும்.

இடிமின்னல் வரும்போது மின்பிளக்கை மட்டும் கழற்றினால் போதாது. தொலைபேசிக் கம்பிவழி இணைப்பு உள்ளவர்கள் அந்தக் கம்பியையும் ரவுட்டரிலிருந்து கழற்ற வேண்டும், கூரையில் அன்டெனா வைத்திருப்பவர்கள் அதன் வயரையும் கழற்ற வேண்டும். இடி தொடங்கிய பின் அவற்றைத் தொடாதீர்கள், முன்பே செய்துவிடுங்கள்.

நெட்வொர்க் ரீசெட் செய்யலாமா?

வின்டோஸின் இணைப்பு அமைப்புகளை எல்லாம் ஆரம்ப நிலைக்குத் திருப்பும் வசதி இது. செய்யலாம், ஆனால் கடைசியாக. அது சேமித்த வைஃபை கடவுச்சொற்களையும் கையால் பதிந்த முகவரிகளையும் அழித்துவிடும். அலுவலகக் கணினியில் விபிஎன் போன்ற மென்பொருள் இருந்தால் அதையும் மீண்டும் அமைக்க நேரலாம்.

எல்லாம் செய்து பார்த்தாகிவிட்டது. இனி என்ன?

மேசைக் கணினி நகரப்போவதில்லை. அதற்கு வைஃபைதான் வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. கேட் 5இ வகைக் கேபிள் 100 மீற்றர் வரை தாங்கும், விநாடிக்கு 1 கிகாபிட் வேகத்தை இரைச்சலின்றிக் கொண்டுசெல்லும். வீட்டுக்குள் 15 மீற்றர் இழுப்பதற்கு ஆகும் செலவு, நல்ல டொங்கிள் ஒன்றின் விலையோடு ஒப்பிடத்தக்கது. மதில் ஓரமாக வெளியே இழுப்பதானால் வெளிப்புறத்துக்கென்று செய்த கறுப்பு உறைக் கேபிளை வாங்குங்கள். சாதாரணச் சாம்பல்நிற உறை நம்மூர் வெயிலில் வெடித்துவிடும். கோட்டைப் பக்கத்தில் வசிப்பவர்கள் மான்களின் வாய்க்கு எட்டாத உயரத்தில் கட்டுவதும் நல்லது.

கேபிள் இழுக்க முடியாத வாடகை வீடு என்றால் ரவுட்டருக்கும் கணினிக்கும் நடுவழியில், இரண்டு புறமும் நன்றாக அலை எட்டும் இடத்தில், மெஷ் வகைத் துணை ரவுட்டர் ஒன்றை வைக்கலாம். பலர் அதைக் கணினிக்கு அருகிலேயே வைத்துவிட்டுப் பயனில்லை என்கிறார்கள். அங்கே அதற்கே அலை எட்டுவதில்லை.

கணினியைக் கடைக்குக் கொண்டுபோவதானால் டொங்கிளையும், திருகிப் பூட்டும் அன்டெனாக்களையும், நேரம் குறித்து வைத்த அந்தக் கடதாசியையும் சேர்த்துக் கொண்டுபோங்கள். கடையில் ரவுட்டர் இரண்டு அடி தூரத்தில் இருக்கும் என்பதால், அங்கே எல்லாக் கணினியும் நன்றாகவே வேலை செய்யும்.